பதவி உயர்ந்தால் நேரத்துக்குக் கணக்கில்லையா?

கேள்வி: தனியார் நிறுவனம் ஒன்றின் கிடங்கு அலுவலகத்தில் 7 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். காலை 9 முதல் மாலை 6 வரை, நடுவில் 1 மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை, வாரம் 6 நாள் என்று நியமனக் கடிதத்தில் இருக்கிறது. நடப்பில் எட்டரைக்கே வந்து கிடங்கைத் திறக்க வேண்டும். இரவு 8 மணிக்கு முன்னால் கிளம்ப முடிவதில்லை. போன ஆண்டு என்னை மேற்பார்வையாளர் ஆக்கினார்கள்; அதோடு ஓவர்டைம் நின்றுவிட்டது. கேட்டால், "மாதச் சம்பளக்காரருக்கு ஓவர்டைம் கிடையாது, நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்" என்கிறார்கள். எனக்குக் கீழே 3 பேர். அவர்களுக்கு அரை நாள் விடுப்புக்கூட நானாகக் கொடுக்க முடியாது. நான் கேட்பது பேராசையா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: பேராசை இல்லை. முதலில் உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். எட்டரையிலிருந்து எட்டு வரை பதினொன்றரை மணி நேரம். இடைவேளை போக பத்தரை. 6 நாளுக்கு 63 மணி. கடிதத்தில் உள்ளதோ 48. வாரத்துக்கு 15 மணி நேரம், ஏறக்குறைய இரண்டு முழு வேலை நாள், கூலியில்லாமல் போகிறது. இடைவேளையிலும் போனை எடுத்துக்கொண்டு மேசையை விட்டு நகராமல் சாப்பிடுகிறவராக நீங்கள் இருந்தால், பல நாட்டுச் சட்டங்களில் அந்த நேரமும் வேலை நேரம்தான். கிடங்கைத் திறக்கும் அந்த அரை மணியைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம்.

எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று சொல்லவில்லை. ஆகவே சில நாடுகளின் வரம்பைச் சொல்கிறேன். ஒரு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்ற அளவை 1919-இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு தன் முதல் உடன்படிக்கையிலேயே தொழிற்சாலைகளுக்கு வகுத்துவிட்டது. ஓவர்டைமுக்குக் குறைந்தது ஒன்றேகால் மடங்கு கூலி என்பதும் அதிலேயே உண்டு. இந்தியாவில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இரண்டு மடங்கு என்றது. பழைய தொழிலாளர் சட்டங்கள் பலவற்றை ஒன்றாக்கி 2020-இல் இயற்றிய தொகுப்புச் சட்டமும் அதை விடவில்லை, தொழிலாளியின் சம்மதம் வேண்டும் என்றும் சேர்த்தது. சிங்கப்பூரில் வாரம் 44 மணி, மலேசியாவில் 2023 முதல் 45. இரண்டிலும் ஒன்றரை மடங்கு. சிங்கப்பூரில் மாதத்துக்கு 72 மணிக்கு மேல் ஓவர்டைம் பொதுவாகக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஓவர்டைமையும் சேர்த்து வாரச் சராசரி 48-ஐத் தாண்டக் கூடாது. அமெரிக்கா மட்டும் கொஞ்சம் விசித்திரம்: வயது வந்தவர் எத்தனை மணி நேரம் உழைக்கலாம் என்பதற்கு 1938-ஆம் ஆண்டுச் சட்டம் மேல் எல்லையே போடவில்லை, 40 மணிக்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு கொடு என்பதோடு நிறுத்திக்கொண்டது.

இனி உங்கள் பதவிக்கு வருவோம், சிக்கலே அங்கேதான். 1919 உடன்படிக்கையிலேயே மேற்பார்வை, நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. நிறுவனங்கள் நூறாண்டுக்கும் மேலாக அந்த வாசல் வழியாகத்தான் நுழைகின்றன. சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டி, பதவிப் பெயரை நீட்டிவிட்டால் ஓவர்டைம் மிச்சம் என்று நினைப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆனால் பதவிப் பெயரை மட்டும் பார்த்து விலக்கை முடிவு செய்யக் கூடாது என்று அமெரிக்க விதிகள் வெளிப்படையாகவே சொல்கின்றன. ஜப்பானில் 'பெயருக்கு மேலாளர்' என்று பொருள்படும் ஒரு சொல்லே புழக்கத்தில் இருக்கிறது. பல கிளைகள் கொண்ட உணவக நிறுவனம் ஒன்றின் கிளை மேலாளர் ஓவர்டைம் கேட்டு வழக்குப் போட்டார். அவர் சட்டம் சொல்லும் நிர்வாகி அல்ல என்று 2008-இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

அதனால்தான் உங்கள் கடிதத்தில் அந்த அரை நாள் விடுப்பு வரியை இரண்டு முறை படித்தேன். ஆளை எடுக்க, நீக்க, விடுப்புக் கொடுக்க, தன் நேரத்தைத் தானே தீர்மானிக்க உங்களுக்கு அதிகாரம் உண்டா என்றுதான் விசாரிப்பவர்கள் கேட்பார்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுக்குக் கிடைத்தது புதிய பெயர், வேலை பழையதுதான். ஒரு எச்சரிக்கை மட்டும்: இந்தியா, சிங்கப்பூர், மலேசியா போன்ற நாடுகளில் சம்பள வரம்பும் உண்டு. பதவி உயர்வோடு வந்த சம்பளம் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தாண்டியிருந்தால் உங்கள் வாதம் பலவீனமாகிவிடும். மாதச் சம்பளம் என்பதாலேயே உரிமை போய்விடும் என்பது தவறு. மாதச் சம்பளத்தை மணிக்கணக்காகப் பிரித்துப் பார்க்கச் சட்டங்களில் வழி இருக்கிறது.

கையெழுத்து? சட்டம் கொடுக்கும் குறைந்தபட்ச உரிமையைத் தனி ஒப்பந்தத்தால் பறிக்க முடியாது என்பதே பெரும்பாலான நாடுகளின் நிலை. பிரிட்டனில் வாரம் 48 மணி வரம்பை வேண்டாம் என்று தொழிலாளி எழுதிக் கொடுக்கலாம். அங்கேயும் முன்னறிவிப்புக் கொடுத்து அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

வக்கீல் நோட்டீஸில் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. இன்றிலிருந்து ஒரு நோட்டில் வந்த நேரம், போன நேரம், யார் சொல்லித் தங்கினீர்கள் என்று அன்றன்றைக்கே எழுதுங்கள். மாதக் கடைசியில் உட்கார்ந்து ஒரே பேனாவில் எழுதிய நோட்டைக் கண்டால் யாருக்கும் நம்பிக்கை வராது. வேலை நேரத்தை முறையாகப் பதிவு செய்ய வேண்டியது முதலாளியின் கடமை என்று 2019-இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் உங்கள் கையில் உங்கள் கணக்கு இருக்கட்டும். சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம், "இன்னும் ஒரு மணி நேரம் இருங்கள்" என்று வந்த குறுஞ்செய்தி எல்லாவற்றையும் வீட்டில் வையுங்கள். நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்களை மட்டும் நகலெடுக்காதீர்கள். அது உங்களுக்கே வம்பாக முடியும்.

நான்கு வாரக் கணக்கு சேர்ந்ததும் நிர்வாகத்துக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதி, எந்த விதியின்படி ஓவர்டைம் நிறுத்தப்பட்டது என்று மட்டும் கேளுங்கள். கோபம் வேண்டாம், பதிலை எழுத்தில் கேளுங்கள். வரவில்லையென்றால் அந்த நோட்டோடு தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போங்கள். அதிகம் தள்ளிப்போடாதீர்கள், கோரிக்கைக்குக் காலக்கெடு உண்டு: அமெரிக்காவில் பொதுவாக 2 ஆண்டு, சிங்கப்பூரில் வேலையில் இருக்கும்போது 1 ஆண்டு, விலகிவிட்டால் வெறும் 6 மாதம். உங்களுக்கு ஓவர்டைம் நின்று எத்தனை மாதமாகிறது என்பதையும், நாட்டின் பெயரையும் குறிப்பிட்டு மறுபடி எழுதுங்கள்.