கட்டுரையை நண்பரிடம் கொடுத்துத் திருத்தலாமா? – கேள்வி பதில்

கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். மாணவர்கள் எழுதும் திறனாய்வுக் கட்டுரைகளை அவர்களே ஒருவருக்கொருவர் படித்துக் கருத்துச் சொல்வது பற்றியும், நாம் மதிப்பெண் போடுவது பற்றியும் கேட்டிருந்தீர்கள். வந்தவற்றில் சிலவற்றுக்குப் பதில்.

பதினொன்றாம் வகுப்பில் கட்டுரைகளை மாற்றிக்கொடுத்துத் திருத்தச் சொன்னேன், மேடம். எல்லாத் தாளிலும் 'அருமை', 'நன்று', அப்புறம் இரண்டு ஒற்றுப்பிழைக்குச் சுழி. இதனால் என்ன பயன்? – பள்ளி ஆசிரியை

'திருத்து' என்றால் பிள்ளைகளுக்குத் தெரிந்தது சுழி போடுவதுதான். அவர்கள் தாளில் நாம் இத்தனை வருடம் செய்ததும் அதுதானே! அந்தச் சொல்லையே நான் வகுப்பில் எடுப்பதில்லை. 'படி, எங்கே தடுக்கியது என்று சொல்' என்பேன். கையில் பென்சில் மட்டும். ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில், அது என்ன சொல்கிறது என்று ஒரே வரி எழுத வேண்டும். கடைசியில் ஒரே ஒரு கேள்வி, நிஜமாகவே கேட்கத் தோன்றுவது.

ஒரு உதாரணம். குறுந்தொகை 40, 'யாயும் ஞாயும் யாரா கியரோ'. ஐந்தே அடி. செம்மண்ணில் பெய்த மழைநீர்போல நம் நெஞ்சங்கள் கலந்துவிட்டன என்று முடியும். என் வகுப்பில் ஒருவர் நாலு பக்கம் எழுதியிருந்தார். முதல் பக்கம் முழுக்க எட்டுத்தொகை அறிமுகம். அப்புறம் பொருளுரை. அப்புறம் 'செம்புலப் பெயல்நீர் என்ற உவமையைப் புலவர் மிக அழகாகக் கையாண்டுள்ளார்'. படித்த பெண் இரண்டாம் பக்கத்தின் ஓரத்தில், 'பாட்டையே திரும்பச் சொல்கிறது' என்று ஒரு வரி எழுதியிருந்தாள். கடைசியில் கேள்வி: 'ஏன் செம்மண்? கரிசலில் மழை பெய்தால் கலக்காதா?'

நான் அரைமணி நேரம் பேசியிருந்தாலும் அந்தக் கேள்வி செய்த வேலை நடந்திருக்காது. கலந்த நீர் செம்மண்ணின் நிறத்தை வாங்கிக்கொள்கிறது, கலந்தது கண்ணுக்குத் தெரிகிறது, இனிப் பிரித்து எடுக்க முடியாது என்று கட்டுரை எழுதியவர் யோசித்துக்கொண்டு போனார். அப்போதுதான் பாட்டின் அடியில் இருக்கும் துறைக்குறிப்பை, அதாவது யார் எந்தச் சூழலில் சொன்னது என்ற குறிப்பை, பார்த்தார். தலைவன் பிரிந்துவிடுவானோ என்று தலைவி அஞ்சுகிறாள், அதைக் கண்டு அவன் சொல்லும் பேச்சு இது. பிரிவுக்குப் பயப்படுகிறவளிடம் பிரிக்க முடியாத ஒன்றைக் காட்டுகிறான். அடுத்த வரைவில் அறிமுகப் பக்கம் காணாமல் போயிருந்தது. 'மிக அழகாக'வும்தான்.

என்னைவிட நன்றாக எழுதுகிற தோழியின் கட்டுரையில் நான் என்ன சொல்ல முடியும், அம்மா? – இளங்கலை மாணவி

எங்கே புரியவில்லை என்று சொல்லலாம். அதைச் சொல்ல அவளைவிட நன்றாக எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சொல்லப்போனால், எல்லாம் தெரிந்தவர்கள் விட்டுப்போன படியைத் தாங்களே மனதில் நிரப்பிக்கொண்டு தாண்டிவிடுவார்கள்.

கருத்துச் சொல்லச் சொற்களே வருவதில்லை. 'நல்லா இல்ல' என்பதைத் தாண்டி எப்படிச் சொல்வது? – முதுகலை மாணவர்

நன்னூல் பாயிரம் படித்திருப்பீர்களே? நூலுக்குச் சொல்லும் பத்துக் குற்றங்களைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டு அங்கேயே விட்டுவிடுகிறோம். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மற்றொன்று விரித்தல்... எல்லாமே கட்டுரைக்கு அப்படியே பொருந்தும். எட்டுத்தொகை அறிமுகம் ஒரு பக்கம் என்றால் அது மற்றொன்று விரித்தல். ஆரம்பத்தில் சூடாகத் தொடங்கி மூன்றாம் பக்கத்தில் 'இவ்வாறு பல கருத்துகள் உள்ளன' என்று முடிந்தால் சென்று தேய்ந்திறுதல். இந்தப் பெயர்களைச் சொல்லும்போது வகுப்பில் சிரிப்பு வரும், கோபம் வராது. நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் மேல் யார் கோபப்படுவது?

மாணவர்களே ஒருவருக்கொருவர் மதிப்பெண் போடலாமா? – கல்லூரி விரிவுரையாளர்

வேண்டாம். நண்பனுக்குப் பதினெட்டு, பிடிக்காதவனுக்குப் பன்னிரண்டு என்றுதான் முடியும். அது போகட்டும், நாம் போடுவதிலேயே ஒரு சிக்கல் உண்டு. கல்வி உளவியலாளர் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு குழுவுக்குக் கருத்து மட்டும், ஒரு குழுவுக்கு மதிப்பெண் மட்டும், இன்னொன்றுக்கு இரண்டும் கொடுத்துப் பார்த்தார். முன்னேறியது கருத்து மட்டும் பெற்ற குழு. இரண்டும் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. நம் வகுப்பிலும் பார்க்கலாம். தாளை வாங்கியதும் எண்ணைப் பார்த்துவிட்டு மடித்துப் பைக்குள் வைத்துவிடுவார்கள். அதனால் முதல் வரைவுக்கு நான் எண் போடுவதில்லை. 'மார்க் எவ்வளவு மேடம்?' என்ற நச்சரிப்பை ஒரு வாரம் தாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

எழுபது தாள். முதல் தாளுக்கும் கடைசித் தாளுக்கும் ஒரே அளவுகோலை எப்படி வைத்துக்கொள்வது? – கௌரவ விரிவுரையாளர்

வைத்துக்கொள்ள முடியாது, சார். குறைக்கத்தான் முடியும். முதல் ஐந்து தாளை மதிப்பெண் போடாமல் படியுங்கள். பெயர் தெரியாதபடி முதல் பக்கத்தை மடித்துவிடுங்கள். நான் இருபது மதிப்பெண்ணை இப்படிப் பிரிப்பேன்: கட்டுரையாளருக்கென்று ஒரு வாதம் இருக்கிறதா என்பதற்கு எட்டு, பாட்டிலிருந்தோ கதையிலிருந்தோ சான்று காட்டியதற்கு ஏழு, அமைப்புக்கு மூன்று, மொழிக்கு இரண்டு. மொழிக்கு இரண்டுதானா என்று சண்டைக்கு வருவார்கள். பிழையில்லாத வெறும் கதைச்சுருக்கத்துக்குப் பதினைந்து போட்ட காலம் எனக்கும் உண்டு. கையெழுத்து அழகாக இருந்தால் கை தானாக ஒரு மதிப்பெண் கூட்டும், அதைக் கவனியுங்கள். எழுபதையும் முடித்த பிறகு முதல் பத்தை இன்னொரு முறை பாருங்கள். எனக்கு ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்றாவது மாறும்.

நண்பன் சொன்னான் என்று ஒரு பத்தியை எடுத்துவிட்டேன். ஆசிரியர் அதே இடத்தில் 'சான்று எங்கே?' என்று கேட்டு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். – மாணவர்

வருத்தம்தான், தம்பி. ஆனால் கட்டுரை உங்களுடையது. நண்பனுக்கு அந்த இடத்தில் தடுக்கியது உண்மை, என்ன செய்யலாம் என்று அவன் சொன்ன யோசனை தவறு. இது அடிக்கடி நடக்கும். பத்தி விளங்கவில்லை என்றால் எடுத்துவிடச் சொல்வார்கள், பல சமயம் தேவைப்படுவது இன்னும் இரண்டு வரிதான். இனிமேல் நண்பர் 'எடுத்துவிடு' என்றால், 'எந்தச் சொல்லில் நின்றாய்?' என்று திருப்பிக் கேளுங்கள்.

ஒற்றுப்பிழையை எப்போது பார்ப்பது?

கடைசியில், வாய்விட்டுப் படித்து. நாளைக்கு நீக்கப்போகிற பத்திக்கு இன்றைக்கு ஏன் 'க்' போட்டுக்கொண்டிருக்க வேண்டும்?