ஹாக்ஸ்பரி ஆற்றில் ஜூன் மாதத் தூண்டில்

வணக்கம். 14 வயது மகனுடன் ஜூன் மாதத்தில் ஆஸ்திரேலியாவின் ஹாக்ஸ்பரி ஆற்றில், வைஸ்மன்ஸ் பெரி என்ற ஊருக்கு அருகே தூண்டில் போட உரிமம் தேவையா, அகப்படும் பாஸ் மீனை வீட்டுக்குக் கொண்டுவரலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

இந்த ஆறு ஓடும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், உரிமத்தைப் பொறுத்தவரை நன்னீர், உவர்நீர் என்ற வேறுபாடு இல்லை. முதியோர் ஓய்வூதியம் பெறுவோர் போன்ற சிலரைத் தவிர, 18 வயது நிறைந்த அனைவரும் மீன்பிடிக் கட்டணம் செலுத்தி, உரிமமாகப் பயன்படும் அதற்கான ரசீதை உடன் வைத்திருக்க வேண்டும். மகனுக்குக் கட்டணம் இல்லை.

பாஸ் மீனைப் பொறுத்தவரை விடை கண்டிப்பானது. மேலாற்றில் வளரும் இந்த மீன்கள் குளிர்காலத்தில் முட்டையிடுவதற்காக உவர்நீர்ப் பகுதிக்கு இறங்கி வருவதால், மே 1 முதல் ஆகஸ்ட் 31 வரை ஆறுகளில் பிடிபடும் ஒன்றைக்கூட வைத்துக்கொள்ள அனுமதியில்லை. இறங்கி வருபவற்றில் பெரியவை பெரும்பாலும் சினைமீன்களே என்பதால், இந்த விதியை நான் மனதார மதிக்கிறேன். தவறி மாட்டினால் கையை நனைத்துக்கொண்டு, கூடுமானவரை நீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றி, உடனே விட்டுவிடுங்கள்.

சமையலுக்கு மீன் வேண்டுமென்றால் பிரீம் மீனைத் தேடலாம். அது குறைந்தது 25 செ.மீ. இருக்க வேண்டும், ஒருவருக்கு நாளொன்றுக்கு 10 மட்டுமே. அளவுகோல் ஒன்றை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.