விசா விண்ணப்பம்: நீலகிரி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

சுற்றுலா விசா குறித்து நீலகிரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கட்டணங்களும் விதிகளும் அடிக்கடி மாறுபவை. ஆகவே பணம் கட்டும் நாளில் அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் சிறு தேயிலை விவசாயிகள். பச்சைத் தேயிலையைக் கூட்டுறவுத் தொழிற்சாலைக்குக் கொடுத்து வருகிறோம். மகள் ஜெர்மனியில் மியூனிக் நகரில் வேலை பார்க்கிறாள். நானும் மனைவியும் அவளுடன் இரண்டு வாரம் தங்கி, சுவிட்சர்லாந்தையும் பார்த்து வர நினைக்கிறோம். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ததில்லை. வங்கியில் ஐந்து லட்சம் ரூபாய் போட்டுக் காட்ட வேண்டும், மகள் அங்கே இருப்பதைச் சொல்லாமல் சுற்றுலா என்றே எழுத வேண்டும் என்கிறார் ஏஜென்ட். அவர் சொல்வதைக் கேட்கலாமா?
கோத்தகிரி வாசகர்

பதில்: இரண்டையுமே கேட்க வேண்டாம், ஐயா. உங்கள் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அதிகாரி உங்களை நேரில் பார்க்கப்போவதில்லை. சென்னையிலுள்ள விண்ணப்ப மையத்தில் காகிதங்களையும் கைரேகையையும் வாங்கிக்கொள்பவர்கள் தனியார் நிறுவன ஊழியர்கள். முடிவெடுக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. முடிவெடுப்பவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் காகிதங்கள்தாம். அவை ஒன்றுக்கொன்று முரண்படாமல் ஒரே செய்தியைச் சொல்ல வேண்டும்.

உங்கள் வங்கிக் கணக்கின் கடந்த ஆறு மாத ஸ்டேட்மென்டை எடுத்துப் பாருங்கள். மாதம் ஒருமுறை தொழிற்சாலையிலிருந்து தேயிலைப் பணம் வரவாகியிருக்கும். சில நாட்களிலேயே பறிப்புக் கூலிக்கும் உரத்துக்குமாக ஒரு பகுதி வெளியே போயிருக்கும். மிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்திருக்கும். தொகை சிறியதானாலும், தோட்டம் வைத்துப் பிழைக்கும் ஒரு குடும்பத்தின் கணக்கு அது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். விண்ணப்பிப்பதற்குப் பத்து நாள் முன்பு ஐந்து லட்சம் ரொக்கமாக வந்து விழுந்தால், அந்த ஒரு வரி மற்ற வரிகள் எல்லாவற்றையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும். அந்தப் பணம் உண்மையிலேயே உங்களுடையதாக, நிலம் விற்றதோ வைப்புநிதி முதிர்ந்ததோ ஆக இருந்தால், அதற்கான பத்திரத்தின் நகலை இணையுங்கள். கைமாற்றாக வாங்கிப் போட்டுக் காட்டும் பணம் உதவாது.

வரிக் கணக்கு இல்லாததை நினைத்து அஞ்ச வேண்டியதில்லை. பச்சைத் தேயிலையை விளைவித்து அப்படியே விற்பவரின் வருமானம் விவசாய வருமானம். அதற்கு மத்திய அரசின் வருமான வரி கிடையாது. சொந்த ஆலையில் தூளாக்கி விற்பவருக்குத்தான் வருமானத்தில் 60 சதவீதம் விவசாயமாகவும் 40 சதவீதம் வரிக்கு உட்பட்டதாகவும் கணக்கிடப்படும். இந்த விவரத்தை முகப்புக் கடிதத்தில் இரண்டு வரிகளில் எழுதி, பட்டா, சிட்டா நகல்களையும், கடந்த ஓராண்டின் தேயிலைப் பில்களையும், நீங்கள் எத்தனை ஆண்டுகளாக இலை கொடுக்கிறீர்கள் என்று தொழிற்சாலை தரும் கடிதத்தையும் சேருங்கள். தமிழில் உள்ளவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். இனிமேலாவது ஆண்டுதோறும் கணக்கு தாக்கல் செய்து வந்தால் அடுத்த பயணத்துக்கு நல்லது. விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டியவர்கள் ஐ.டி.ஆர்.-1 படிவத்தைப் பயன்படுத்த முடியாது என்பதை மட்டும் ஆடிட்டருக்கு நினைவூட்டுங்கள்.

மகள் இருப்பதை மறைப்பது இதைவிடப் பெரிய தவறு. அவளுடைய முகவரியில் தங்கப்போகிறவர்கள் ஓட்டல் பதிவைக் காட்டினால் அது பொய்த் தகவல் ஆகிவிடும். விமான நிலையத்தில் ‘எங்கே தங்குகிறீர்கள்?’ என்று கேட்டாலே குட்டு வெளிப்பட்டுவிடும். பயண நோக்கம் என்ற இடத்தில் குடும்பத்தினரைச் சந்தித்தல் என்றே எழுதுங்கள். மகள் தன் ஊரிலுள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் 29 யூரோ கட்டி, உங்கள் செலவுக்குத் தானே பொறுப்பு என்று சட்டப்படி உறுதியளிக்கும் சான்றைப் பெறலாம். அவளுடைய சம்பளத்தைச் சரிபார்த்த பிறகே அதைத் தருவார்கள் என்பதால் அதற்குத் தூதரகத்தில் நல்ல மதிப்பு உண்டு. அதோடு அவளுடைய பாஸ்போர்ட், குடியிருப்பு அனுமதி ஆகியவற்றின் நகல்களையும், உறவைக் காட்டப் பிறப்புச் சான்றிதழையும் வையுங்கள்.

ஜெர்மனி, சுவிட்சர்லாந்து இரண்டுமே ஷெங்கன் பகுதியில், அதாவது பொதுவான விசா விதிகளைப் பின்பற்றும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பில் உள்ளவை. ஒரே விசா போதும். எங்கே அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் கால் வைக்கும் நாட்டிடம். உங்கள் திட்டப்படி ஜெர்மனிதான். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். சாதாரணமாக 15 நாட்களில் முடிவு வரும், சில வேளைகளில் 45 நாள் வரை இழுக்கும். கோடையில் விண்ணப்ப மையத்தில் சந்திப்பு நேரம் கிடைப்பதே அரிதாக இருப்பதால் மூன்று மாதம் முன்பே தொடங்கிவிடுவது என் யோசனை. பெரியவர்களுக்குக் கட்டணம் ஆளுக்கு 90 யூரோ. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா கிடைக்காவிட்டாலும் இது திரும்பி வராது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு, ஷெங்கன் பகுதி முழுவதற்கும், தங்கும் நாட்கள் அத்தனைக்கும் செல்லுபடியாக வேண்டும். விமானத்துக்கு முன்பதிவு விவரம் போதும். விசா கையில் வருமுன் ரத்து செய்ய முடியாத டிக்கெட்டை வாங்காதீர்கள்.

திரும்பி வருவீர்கள் என்பதற்குத் தோட்டமே சாட்சி. நீங்கள் இல்லாத நாட்களில் கொழுந்து பறிப்பை யார் பார்த்துக்கொள்வார், எந்தத் தேதிக்குள் ஊர் திரும்ப வேண்டும் என்று முகப்புக் கடிதத்தில் எழுதுங்கள். ஏஜென்ட் தயாரித்து வைத்திருக்கும் பொதுக் கடிதத்தில் இதெல்லாம் இருக்காது.

கேள்வி: மாமியாரையும் அழைத்துக்கொண்டு ஐரோப்பாவுக்குக் குழுச் சுற்றுலா போகிறோம். அத்தை இன்றும் இலை பறிக்கப் போகிறவர். ரேஷன் கடையிலேயே அவருக்கு விரல் ரேகை விழுவதில்லை. விசா மையத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்களா?
மஞ்சூர் வாசகி

பதில்: திருப்பி அனுப்ப மாட்டார்கள், அம்மா. ஷெங்கன் விதிப்படி பத்து விரல்களின் ரேகையும் எடுக்க வேண்டும்; ஆனால் சில விரல்களில் பதியாவிட்டால், பதிகிற விரல்கள் வரை எடுத்துக்கொண்டு விண்ணப்பத்தை ஏற்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. அங்கே உள்ள ஊழியர் தயங்கினால் பொறுப்பாளரைப் பார்த்துப் பேசுங்கள்.

ஆனாலும் முன்கூட்டியே சில ஏற்பாடுகளைச் செய்துகொள்வது நல்லது. இலை பறிப்பவர்களுக்குக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும்தான் தேயிலைக் கறை ஏறிக் கறுத்திருக்கும். மலைக் குளிரில் அந்த இடமே வெடித்தும் இருக்கும். கருவி தடுமாறுவது பெரும்பாலும் அந்த வெடிப்புகளாலும் வறட்சியாலும்தான். ஒரு வாரம் பறிப்புக்கு அனுப்பாமல், இரவில் தேங்காய் எண்ணெய் தடவி, காலையில் வெந்நீரில் கழுவச் செய்யுங்கள். மையத்துக்குப் போகும் நாளில் மட்டும் எண்ணெய் வேண்டாம். ஒருமுறை பதிந்த ரேகையை 59 மாதங்கள் வரை அடுத்த ஷெங்கன் விண்ணப்பங்களுக்கும் பயன்படுத்திக்கொள்வார்கள். உங்களுடன் 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் வந்தால் அவர்களுக்குக் கைரேகை தேவையில்லை.

சென்னைக்குப் போகும் நாள் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வந்தால், முதல்நாள் காலையிலேயே மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிவிடுங்கள். மலைப்பாதையில் மண் சரிந்து நீலகிரி எக்ஸ்பிரஸைத் தவறவிட்டால், மறுநாள் காலை சந்திப்பு கைநழுவிப்போகும். மையத்துக்கு நம் மழையின் கணக்கு தெரியாது.

கேள்வி: என் பாஸ்போர்ட்டில் கிவன் நேம் என்ற இடத்தில் என் பெயர் மட்டும் உள்ளது. சர்நேம் இடம் காலி. துபாய் செல்ல முடியாது என்கிறார்கள். உண்மையா?
குன்னூர் வாசகர்

பதில்: பாதி உண்மை. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசா இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. பிறகு, பாஸ்போர்ட்டின் மற்றொரு விவரப் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்பதாகத் தளர்த்தியது. இந்தியப் பாஸ்போர்ட்டில் தந்தையின் பெயர் அச்சாகியிருக்குமே, எடுத்துப் பாருங்கள். இருந்தாலும் டிக்கெட் வாங்குமுன் விமான நிறுவனத்திடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். விமானம் ஏற விடுவதா வேண்டாமா என்று கவுன்டரில் தீர்மானிப்பவர்கள் அவர்கள்தாம்.

குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கம் இல்லாத நமக்கு இது எங்கே போனாலும் உரசும். அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, முதற்பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யூ.’ என்று அச்சிடுவார்கள். முதற்பெயர் தெரியாது என்பதற்கான சுருக்கக் குறியீடு அது, குற்றமில்லை. அடிக்கடி வெளிநாடு செல்லும் எண்ணம் இருந்தால், இனிஷியலை விரித்து எழுதி, தந்தை பெயரைச் சர்நேமாகச் சேர்த்துப் புதிய பாஸ்போர்ட் வாங்கிவிடுங்கள். நீலகிரி மாவட்டம் கோயம்புத்தூர் மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. முதலில் ஆதாரில் பெயரைத் திருத்துங்கள், பிறகுதான் பாஸ்போர்ட்.

கேள்வி: ஷெங்கன் விசா மறுக்கப்பட்டுவிட்டது. இனி எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும்? இங்கிலாந்துக்கு விண்ணப்பித்தால் அதைச் சொல்ல வேண்டுமா?
கூடலூர் வாசகர்

பதில்: காத்திருக்க வேண்டிய காலம் என்று எதுவும் விதியில் இல்லை, நாளையே விண்ணப்பிக்கலாம். ஆனால் அதே காகிதங்களை மீண்டும் கொடுத்தால் அதே பதில்தான் வரும், 90 யூரோவும் போகும். மறுப்புக் கடிதத்தில் எந்தக் காரணத்துக்கு எதிரே குறியிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பயண நோக்கம் நிறுவப்படவில்லை என்றால் தங்குமிடம், பயணத் திட்டம், அழைப்புக் கடிதம் ஆகியவற்றில் குறை. திரும்பிச் செல்வார் என்பதில் ஐயம் என்றால் வேலை, நிலம், குடும்பம் பற்றிய சான்றுகள் போதவில்லை. மேல்முறையீட்டுக்கும் உரிமை உண்டு. எனினும் குறையைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிப்பதே பெரும்பாலோருக்கு விரைவான வழி.

இங்கிலாந்துப் படிவத்தில் எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டதா என்று வெளிப்படையாகக் கேட்பார்கள். ஆம் என்று எழுதி, காரணத்தையும் ஓரிரு வரிகளில் சொல்லுங்கள். மறுப்பு ஒன்று இருப்பதாலேயே விசா கிடைக்காமல் போவதில்லை. மறைத்தது தெரிய வந்தால் அங்கே பத்து ஆண்டு வரை தடை விதிக்கலாம். கனடாவில் ஐந்து ஆண்டு. ‘நான் நிரப்பவில்லை, ஏஜென்ட் நிரப்பினார்’ என்பதை எந்தத் தூதரகமும் ஏற்காது. ஆகவே சமர்ப்பிக்குமுன் படிவத்தை வரிவரியாக நீங்களே படியுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் அண்ணனைப் பார்க்க அம்மாவை அனுப்ப வேண்டும். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. சென்னையில் நேர்காணலில் என்ன செய்வார்?
உதகை வாசகி

பதில்: தமிழிலேயே பேசலாம். அமெரிக்க விசாவுக்கான டி.எஸ்.-160 விண்ணப்பப் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்பதை மட்டும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். மகன் என்ன வேலை செய்கிறார், எத்தனை வாரம் தங்குவார், இங்கே யார் இருக்கிறார்கள் என்ற மாதிரி கேள்விகள்தாம் வரும். குடியேறும் எண்ணம் இல்லை என்று அதிகாரியை நம்பவைக்கும் பொறுப்பு அமெரிக்கச் சட்டப்படி விண்ணப்பதாரருடையது என்பதால், ‘பேரன் வளரும் வரை இருப்பேன்’ என்று பாசத்தில் சொல்லிவிட்டால் சிக்கல். விண்ணப்பக் கட்டணம் 185 டாலர். விசா பத்து ஆண்டுகளுக்குக் கிடைத்தாலும், ஒரு முறை எத்தனை நாள் தங்கலாம் என்பதை அங்கே இறங்கும் விமான நிலையத்தில்தான் தீர்மானிப்பார்கள்.

கேள்வி: பாஸ்போர்ட் முடிய ஐந்து மாதம் உள்ளது. சிங்கப்பூர் போகலாமா?
அரவங்காடு வாசகர்

பதில்: முடியாது. ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். முடிவதற்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்கலாம் என்பதால் உடனே விண்ணப்பியுங்கள். பழைய பாஸ்போர்ட்டில் காலாவதியாகாத அமெரிக்க விசா இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடாமல், அமெரிக்கா போகும்போது புதியதுடன் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள்.