வெள்ளையாக்கும் கிரீமை ஆய்வுகூடத்துக்குக் கொடுக்கும் முன்

கேள்வி: ஹட்டன் டவுனில் வாங்கிய வெள்ளையாக்கும் கிரீமை மூன்று மாதமாகப் பூசுகிறேன். முதலில் முகம் பளிச்சென்று ஆனது. இப்போது கண்ணைச் சுற்றிக் கறுக்கிறது. டப்பாவில் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்றும் இல்லை, இறக்குமதி செய்தவர் பெயரும் இல்லை. கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறேன். இதை எங்கே, எப்படிச் சோதிப்பது? (வாசகி, டிக்கோயா)

சகோதரி, கிரீமை இன்றே நிறுத்துங்கள். ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நிறுத்திய பிறகு முகம் சிவந்து எரிந்தால் அதில் ஸ்டீரொய்டு என்ற மருந்தும் கலந்திருக்கலாம். அப்போதும் அதையே மறுபடி பூசாமல் தோல் டொக்டரிடம் காட்டுங்கள்.

சோதனைக்கு வருவோம். "இதில் விஷம் இருக்கிறதா?" என்று கேட்டால் எந்த ஆய்வுகூடத்தாலும் பதில் சொல்ல முடியாது. எதைத் தேடுவது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். பாதரசத்துக்கு ஒரு சோதனை, ஸ்டீரொய்டுக்கும், தோல் நிறத்தைக் குறைக்கும் ஹைட்ரோகுயினோன் என்ற மருந்துக்கும் வேறு சோதனை, கட்டணமும் தனித்தனி. ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் "மொத்தப் பாதரசம்" என்று எழுதிக் கொடுங்கள். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைப் பாதரச உப்புகள் தடுக்கின்றன. பளிச்சென்று தெரிந்ததற்கு அது காரணமாக இருக்கலாம். நீண்ட நாள் பூசினால் அதே பாதரசம் தோலைக் கறுக்கவும் வைக்கும்.

அங்கே கிரீமில் சிறிதளவை நிறுத்து எடுத்து, மூடிய கலனில் நைத்திரிக் அமிலத்தோடு சூடாக்கிக் கரைப்பார்கள். திறந்து வைத்துச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகிப் போய்விடும், கணக்குக் குறைந்துவிடும். பிறகு கரைசலிலிருந்து பாதரசத்தை ஆவியாக்கி, அதன் ஊடாக 253.7 நனோமீற்றர் ஒளியைச் செலுத்தி, எவ்வளவு ஒளி உறிஞ்சப்படுகிறது என்று அளப்பது ஒரு வழி. தங்க மோதிரத்தால் உரசிப் பார்ப்பதெல்லாம் இதற்கு ஈடாகாது.

ரிப்போர்ட்டில் அளவு ஒரு கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்று வரும். வேண்டுமென்றே கலந்த கிரீம்களில் அது ஆயிரக்கணக்கில் இருக்கும். 10,000 என்று வந்தால் 30 கிராம் டப்பாவுக்குள் 300 மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது என்று பொருள். பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்துகொண்ட மினமாட்டா உடன்படிக்கை முன்பு கிலோவுக்கு 1 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொண்டது. 2023இல் அந்த வரம்பையும் எடுத்துவிட்டு, 2025க்குப் பிறகு பாதரசம் சேர்த்த அழகுசாதனமே கூடாது என்று முடிவு செய்தார்கள். இலங்கையும் அதில் உறுப்பு நாடு. "கண்டறியப்படவில்லை" என்று வந்தால், அவர்களால் கண்டறியக்கூடிய மிகக் குறைந்த அளவு எவ்வளவு என்று கேளுங்கள். ஸ்டீரொய்டு இல்லை என்பதற்கு அது சான்று ஆகாது.

கொழும்பில் உள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் வெளியாருக்கும் சோதித்துக் கொடுக்கிறது. வேறு இடம் என்றால், பாதரசச் சோதனைக்கு ஐ.எஸ்.ஓ. 17025 என்ற, ஆய்வுகூடங்களுக்கான சர்வதேசத் தராதரம் பெற்றிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். கிரீமை வேறு போத்தலுக்கு மாற்ற வேண்டாம். டப்பாவோடு பொலித்தீன் பையில் கட்டி, தொகுதி எண்ணையும் பில்லையும் போட்டோ எடுத்துக்கொண்டு அனுப்புங்கள். அப்புறம், பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கும் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் சொல்லிவிடுங்கள். உங்கள் ரிப்போர்ட் நீங்கள் கொடுத்த டப்பாவுக்கு மட்டும்தான் பொருந்தும். கடையில் இருக்கும் மீதியை எடுத்துச் சோதிக்க அவர்களால்தான் முடியும்.

எனக்குப் பெரிய கவலை குழந்தைதான். பாதரசம் தாய்ப்பாலிலும் கொஞ்சம் போகும்; துவாய், தலையணை, கன்னத்தோடு கன்னம் வைப்பது வழியாகவும் போகும். 2010இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலும் வேர்ஜினியாவிலும் இப்படியான கிரீம் இருந்த வீடுகளில், அதைப் பூசாதவர்களின் சிறுநீரிலும் பாதரசம் கூடியிருந்தது. அதனால் கிரீமைச் சோதிப்பதோடு விடாமல், உங்கள் சிறுநீரில் பாதரசம் பார்க்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கேளுங்கள். சிறுநீர் எடுக்கும் பாத்திரத்தை அவர்களிடமே வாங்குங்கள். கால் வீக்கம், சிறுநீரில் நுரை, கை நடுக்கம் இருந்தால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள்; சிறுநீரகம் பாதிக்கப்படும்போது வரும் அடையாளங்கள் இதில் இருக்கின்றன. பால் கொடுப்பதை நீங்களாக நிறுத்த வேண்டாம், டொக்டர் சொல்லட்டும்.

தலையணை உறையையும் துவாயையும் மாற்றிவிடுங்கள். மீதிக் கிரீமைக் குப்பையோடு எரிக்கவோ அடுப்பில் போடவோ கூடாது, புகையோடு பாதரசமும் வீட்டுக்குள் நிறையும். லயத்துப் பக்கத்து ஓடையிலும் கொட்ட வேண்டாம். இறுக மூடி, குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். முறைப்பாட்டுக்கு அதுவும் தேவைப்படும்.