காரம் இறங்காத சாம்பல்

கேள்வி: சுங்குடித் துணிக்குப் பழைய முறையில் எண்ணெய் ஏற்றிச் சிவப்புச் சாயம் போட்டுப் பார்க்க ஆசை. எண்ணெயோடு கலக்கவேண்டிய காரநீருக்காக அரிசி ஆலையில் ஒரு மூட்டை உமிச்சாம்பல் வாங்கி ஊறவைத்து வடித்தேன். தண்ணீரில் வழவழப்பே இல்லை. எண்ணெய் மேலே மிதக்கிறது. எங்கே தவறு?
- வாசகி, செல்லூர்

பதில்: சாம்பலில்தான். உமிச்சாம்பலில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. பாத்திரம் தேய்க்க உதவும், காரம் தராது. மதுரையில் சாயவேர்ச் சிவப்பு ஏற்றிய சௌராஷ்டிரர்கள் தேடியது உமரிச் சாம்பலை. உப்புச் சதுப்பில் வளரும் செடி அது. கிடைக்காவிட்டால் தென்னை மட்டை, பாளை, வாழைத்தார்த் தண்டு எரித்த சாம்பல் எடுங்கள். சோழவந்தான் பக்கம் இவற்றுக்குப் பஞ்சமில்லை. சீமைக்கருவேல விறகுச் சாம்பலும் ஆகும். மழையில் நனைந்த குவியல் மட்டும் வேண்டாம், காரத்தை மழை முன்பே கழுவிக்கொண்டு போயிருக்கும். கரி கலந்திருந்தால் வடிநீர் பழுப்பாக வந்து துணியில் கறை பிடிக்கும். வெளுக்கும்வரை மறுபடி எரியுங்கள்.

அடியில் துளையிட்ட 20 லிட்டர் மண்பானை போதும். துளைமேல் ஓட்டாஞ்சில்லு, அதன்மேல் நான்கு விரல் உயரம் தேங்காய் நார், பிறகு பருத்தித் துணி. சலித்த சாம்பல் 5 கிலோவைப் புட்டு மாவுப் பதத்துக்கு ஈரமாக்கி, அமுக்கி அமுக்கி நிரப்புங்கள். உலர்சாம்பலைக் கொட்டினால் தண்ணீர் ஓரமாக வழி செய்துகொண்டு ஓடிவிடும். நடுச்சாம்பல் நனையவே நனையாது. நல்ல சாம்பலிலும் வடிநீர் சப்பென்று இருப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். கை பொறுக்கும் சூட்டில் 10 லிட்டர் மழைநீரைச் சிறிது சிறிதாக விடுங்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் என்றால் அதிலுள்ள சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்து காரத்தில் கொஞ்சம் வீணாகும். சொட்டுச் சொட்டாக விழவேண்டும். ஏறக்குறைய பாதித் தண்ணீரைச் சாம்பலே குடித்துவிடும். முதல் 2 லிட்டர்தான் கெட்டி, தனியே வையுங்கள். பின்னால் இறங்குவதை அடுத்த புதுச் சாம்பலுக்கு ஊற்றலாம். அலுமினியப் பாத்திரம் அரித்துப்போகும். மண், எவர்சில்வர், பிளாஸ்டிக் எதுவும் சரி.

மஞ்சள் தோய்த்து உலர்த்திய தாளில் ஒரு சொட்டு விடுங்கள். ஆரத்தி நிறத்துக்குச் சிவந்தால் காரம் இருக்கிறது. எவ்வளவு என்று அது சொல்லாது. அதற்கு எண்ணெயே சோதனை. ஒரு குப்பியில் நல்லெண்ணெய் ஒரு பங்கு, வடிநீர் ஐந்து பங்கு விட்டுக் குலுக்கினால் மோராக வெளுத்து, கால் மணி நேரம் பிரியாமல் நிற்கவேண்டும். புது எண்ணெயைவிடக் காறின எண்ணெய் சீக்கிரம் பாலாகும். காறலில் உண்டான அமிலம் காரத்தோடு சேர்ந்து சோப்பாவதே காரணம். ரப்பர் கையுறை கட்டாயம். கண்ணில் தெறித்தால் 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: இதே காரநீருக்காக, சாம்பலுக்குப் பதில் உவர்மண்ணைப் பானையில் வடிக்கும்போது முதலில் தெளிவாக இறங்குகிறது, பிறகு கலங்கி, அடைத்து நின்றுவிடுகிறது. ஏன்?
- வாசகர், மேலூர்

பதில்: உப்பு நிறைய இருக்கும்வரை களித்துகள்கள் திரண்டு நிற்கும். உப்பு கழுவிப் போனதும், மண்ணில் ஒட்டிய சோடியம் அவற்றைப் பிரித்துக் குழம்பாக்கும். குழம்பு நாரை அடைக்கும். பாதிக்குப் பாதி பருமணல் கலந்து, முதல் வடியோடு நிறுத்திவிடுங்கள்.