குள்ளநரிக்கு எந்தக் காலிபர்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். தென் ஆப்பிரிக்காவின் குவாசுலு-நடால் மாகாணத்தில், மூயி ரிவர் பக்கம் எங்களுக்குச் சின்னதாக ஒரு ஆட்டுப்பண்ணை. போன வசந்தத்தில் குள்ளநரி நிறையக் குட்டிகளைக் கொன்றுவிட்டது. இப்போதுதான் முதல் ரைபிள் வாங்கப் போகிறேன். அமெரிக்காவில் கொயோட் என்கிற நரி போன்ற மிருகத்தை வேட்டையாடுகிறவர்கள் .22-250 என்கிற காலிபரைத்தான், அதாவது தோட்டா அளவைத்தான் புகழ்கிறார்கள், 400 மீட்டரில் சுட்டு வீழ்த்துகிறார்கள். என் மச்சான் .243 வாங்கு, மானுக்கும் ஆகும் என்கிறார். கடைக்காரர் .223 போதும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: கடைக்காரர் பேச்சைக் கேளுங்கள். ஆனால் பணத்தை எண்ணி வைப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. செத்த குட்டியைப் புரட்டிப் பாருங்கள். குள்ளநரி என்றால் தொண்டையில், தாடைக்குக் கீழே கடி இருக்கும். விலா முடிகிற இடத்தில் வயிற்றைத் திறந்து ஈரலையும் சிறுநீரகத்தையும் முதலில் தின்றிருக்கும். ரோய்காட், அதாவது காதில் கறுப்பு முடிக்குஞ்சம் உள்ள அந்தச் சிவந்த காட்டுப்பூனை, தோளிலும் கழுத்திலும் நகக் கீறல் போட்டிருக்கும். பெரும்பாலும் தொடைச் சதையில் தின்னத் தொடங்கும். காலிலும் வாலிலும் முகத்திலும் கண்டபடி கடித்து, ஒரே இரவில் பல ஆடுகளைக் குதறிவிட்டு, தின்னாமலே போயிருந்தால் அது நாய். நம் மாகாணத்தின் நடுப்பகுதியான மிட்லண்ட்ஸில் நாய் அடித்ததை நரி மேல் போடுகிற பண்ணைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நாய்ப் பிரச்சினைக்கு ரைபிள் வாங்கி என்ன செய்வது? அண்டை வீட்டாரோடும் கால்நடை அதிகாரியோடும் உட்கார்ந்து பேச வேண்டியதுதான்.

சரி, நரிதான் என்று உறுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கொயோட் வட அமெரிக்காவின் மிருகம், சாதாரணமாக 9 முதல் 16 கிலோ எடை. நம்மூர்க் கருமுதுகுக் குள்ளநரி 6 முதல் 10 கிலோ. அவர்களுக்குத் தேவைப்படும் அடி நமக்குத் தேவையில்லை. .22-250 எப்படிப்பட்ட இடத்தில் வளர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பழைய .250 சாவேஜ் தோட்டாவின் கழுத்தைச் சுருக்கி, அமெரிக்கத் துப்பாக்கி வேலைக்காரர்கள் தாங்களாகவே செய்துகொண்ட தோட்டா அது. 1965-ல்தான் ரெமிங்டன் கம்பெனி அதைத் தன் பெயரில் விற்க ஆரம்பித்தது. 55 கிரெயின் (சுமார் 3.6 கிராம்) குண்டை வினாடிக்குச் சுமார் 1,120 மீட்டர் வேகத்தில் தள்ளும். மரமோ வீடோ கண்ணில் படாத மேற்கு மாநிலப் புல்வெளியில், நெடுந்தூரத்தில் நிற்கும் கொயோட்டுக்கு அந்த வேகம் உதவும். வேகம் கூடினால் குண்டு கீழே விழுவது குறையும், தூரத்தைத் தப்பாகக் கணித்தாலும் சமாளிக்கலாம்.

உங்கள் நிலத்தில் 400 மீட்டருக்கு நரியைப் பார்க்க முடியுமா? பார்த்தாலும், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது? வேலைக்காரர்களின் குடியிருப்பு, பள்ளிக்கூடத்துக்குக் குறுக்கே நடந்து போகிற பிள்ளைகள், பக்கத்துப் பண்ணையின் மாடுகள், ஒரு டிராக்டர் பாதை. நமது மாகாணம் கரூ வறண்ட நிலத்தைப் போல ஆளில்லா வெளி இல்லை. .223 குண்டுகூட மேல்நோக்கிச் சுட்டால் 3 கிலோமீட்டர் வரை போகும். காலிபரைத் தேர்ந்தெடுக்கும்போது நரியின் எடையைக் கேட்பதைவிட, நரியின் முதுகுக்குப் பின்னால் மண்சரிவு இருக்கிறதா, வானம் இருக்கிறதா என்று கேட்பது முக்கியம். குன்றின் உச்சியில் வானத்தை ஒட்டி நிற்கும் நரியை எந்தக் காலிபராலும் சுடக் கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமே இல்லை.

.223 ரெமிங்டன் அதே 55 கிரெயின் குண்டை வினாடிக்குச் சுமார் 990 மீட்டரில் அனுப்பும். 200 மீட்டர் வரை நரியையும் ரோய்காட்டையும் அது சுத்தமாக முடித்துவிடும். உதைப்பு மிகக் குறைவு. சுடுகிறபோதே ஸ்கோப்பில் (குறிபார்க்கும் தொலைநோக்கியில்) அடி விழுந்த இடத்தைப் பார்க்கலாம். புதிதாகச் சுடுகிறவருக்கு இது பெரிய வசதி, ஏனென்றால் உதைப்புக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு டிரிகரைப் பிடுங்குகிற பழக்கம் ஒருமுறை வந்துவிட்டால் லேசில் போகாது. ராணுவத்தின் 5.56 தோட்டாவோடு உறவுள்ள காலிபர் என்பதால் உலகெங்கும் செய்கிறார்கள், மற்றவற்றைவிட மலிவாகக் கிடைக்கும். மலிவு என்றால் பயிற்சிக்குக் கை வரும். .22-250 வாங்கியவர் விலையை நினைத்து மாதம் நாலு தோட்டா சுடுவார்; .223 வாங்கியவர் நாற்பது சுடுவார். இருட்டில் குளிரில் கை நடுங்கும்போது அந்த நாற்பதுதான் துணைக்கு வரும். .22-250-ன் பேரல் (துப்பாக்கிக் குழல்) சீக்கிரம் தேய்வதும் உண்மைதான், ஆனால் பண்ணைக்காரர் சுடுகிற அளவுக்கு அது பெரிய கணக்கில்லை.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் பக்கம் ஆகஸ்டில் டிராகன்ஸ்பெர்க் மலையிலிருந்து இறங்குகிற அந்த வறண்ட காற்று சும்மா விடாது. மணிக்கு 16 கிலோமீட்டர் குறுக்குக் காற்று 200 மீட்டரில் .223-ன் 55 கிரெயின் குண்டைக் கையகலத்துக்குத் தள்ளும். 300 மீட்டரில் ஒரு சாணுக்கும் மேலே. நரியின் நெஞ்சுக்கூடு உயரம் ஒரு சாண்கூட வராது. அதனால்தான் .223-ஐ 200 மீட்டருக்குள் நிறுத்தச் சொல்கிறேன். 200 மீட்டருக்கு ஸ்கோப்பைச் சரிசெய்துவிட்டால், 100 மீட்டரில் குண்டு 4 செ.மீ. போல மேலே படும். அந்தத் தூரத்துக்குள் எங்கே நின்றாலும் தோளுக்குப் பின்னால் நேராகக் குறி வைத்தால் போதும், கணக்குப் போட வேண்டியதில்லை.

குண்டின் வகையை விட்டுவிடாதீர்கள். மென்முனை குண்டோ, பிளாஸ்டிக் நுனி வைத்த வேட்டைக் குண்டோ வாங்குங்கள். முழுக்கச் செம்பு உறை போட்ட ராணுவ மாதிரிக் குண்டு விலை குறைவு என்று பலர் அதையே வேட்டைக்கும் போடுகிறார்கள். அது நரியை ஊசி போல் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வெளியேறும், நரி ஓடிப் போய் எங்கேயோ புதருக்குள் நாள்கணக்கில் கிடந்து சாகும். கல்லில் பட்டால் குண்டு சிதறாமல் தெறித்தும் போகும். குட்டிகளைக் கொன்ற மிருகம் என்றாலும் அதுவும் தன் குட்டிகளுக்காகத்தான் வேட்டையாடுகிறது. அதை வலியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கிறவருக்குத் துப்பாக்கி தரக் கூடாது என்பது என் எண்ணம்.

மச்சான் சொன்ன .243-ஐ நான் மட்டம் தட்டவில்லை. 1955-ல் வின்செஸ்டர் கொண்டுவந்த அருமையான காலிபர். 100 கிரெயின் குண்டு போட்டால் பிளெஸ்பொக், ஸ்பிரிங்பொக் மான்கள் எல்லாவற்றுக்கும் ஆகும், காற்றிலும் .223-ஐவிடக் குறைவாகவே விலகும். வருடத்தில் ஒரு முறையாவது இறைச்சிக்கு மான் சுடப் போகிறவர், ஒரே ரைபிள்தான் வாங்க முடியும் என்றால், .243 எடுக்கட்டும். பழைய மஸ்கிரேவ் ரைபிள்கள், ப்ளூம்ஃபொன்டெய்னில் செய்தவை, இந்தக் காலிபரில் செகண்ட் ஹேண்டாகக் கிடைக்கின்றன. பேரல் நன்றாக இருந்தால் தயங்க வேண்டாம். நீங்கள் மானைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை. உங்கள் கவலை ஆடு. அதனால் .223.

சுட்டு மட்டும் பிரச்சினை தீராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓரிடத்து நரிகளை அழித்தால் வெளியிலிருந்து புது நரி வந்து குடியேறும். கால்நடைகளை வேட்டை மிருகங்கள் அடிப்பது பற்றி 2018-ல் நெல்சன் மண்டேலா பல்கலைக்கழகம் வெளியிட்ட பெரிய அறிவியல் மதிப்பீடும் ஒரே வழியை நம்பாமல் பல வழிகளைச் சேர்த்துக் கையாளச் சொல்கிறது. குட்டி போடும் பருவத்தில் இரவில் ஆடுகளைப் பட்டியில் அடையுங்கள். வேலிக்கு அடியில் நரி தோண்டிய ஓட்டைகளைக் கல் வைத்து மூடுங்கள். அனடோலியன் காவல் நாயைக் குட்டியிலேயே ஆட்டோடு சேர்த்து வளர்த்தவர்கள் நல்ல பலன் சொல்கிறார்கள். ரைபிள் இதற்கெல்லாம் பிறகு, குறிப்பாக உங்கள் பட்டிக்குத் திரும்பத் திரும்ப வருகிற அந்த ஒரு நரிக்கு.

கேள்வி: ஸ்டேங்கரில் கரும்புத் தோட்டம். தாத்தா வைத்திருந்த .303 வீட்டில் பெட்டிக்குள் இருக்கிறது. தாத்தா காலமாகிவிட்டார். கோழிக்கு வரும் நரியை அதால் சுடலாமா?

பதில்: முதலில் அந்தத் துப்பாக்கி. தாத்தாவின் லைசென்ஸ் தாத்தாவோடு போயிற்று. 2000-ஆம் ஆண்டின் 60-ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, வாரிசு தன் பெயரில் தகுதிச் சான்றிதழ் வாங்கி, பிறகு தனியாக லைசென்ஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும். சொத்தை நிர்வகிப்பவர் யாரோ அவர் உடனே உங்கள் காவல் நிலையத்தில் இருக்கும் துப்பாக்கி அதிகாரியிடம் போய்ச் சொல்லட்டும். பெட்டிக்குள் அப்படியே வைத்திருப்பது குற்றம், திருடன் கையில் போனால் அதைவிடப் பெரிய துயரம்.

லைசென்ஸ் கிடைத்தாலும் கரும்புக்குள் .303 வேண்டாம். 174 கிரெயின் ராணுவக் குண்டு, போரில் மனிதர்களைத் தடுக்கச் செய்தது. நரியைத் துளைத்த பிறகும் அதன் பலம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். கரும்பு குண்டை நிறுத்தாது. இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த நம் முன்னோர் 1860-லிருந்து இந்த வரப்புகளில் நடந்தவர்கள்; இன்றும் விடியலுக்கு முன்னே கரும்பு வெட்டப் போகிறவர்கள் அதே வரப்புகளில்தான் நடக்கிறார்கள். அவர்கள் இருப்பது உங்கள் ஸ்கோப்பில் தெரியாது. கோழிக்கூட்டுக்கு நல்ல கம்பி வலை போட்டு, அடியில் ஒரு முழம் மண்ணுக்குள் இறக்குங்கள். ரைபிள் இல்லாமலே முடிந்துவிடும்.

கேள்வி: இரவில் விளக்கடித்துச் சுடும்போது கண் மின்னுவதை வைத்து நரி என்று கண்டுபிடிக்கலாமா? (எஸ்ட்கோர்ட் வாசகர்)

பதில்: கூடவே கூடாது. கண் மின்னுவது நாய்க்கும் உண்டு, மாட்டுக்கும் உண்டு. செர்வல் பூனை உங்கள் பக்கத்துச் சதுப்புப் புல்லில் நிறையவே திரியும். பெரும்பாலும் எலி தின்று வாழும், உங்களுக்கு நன்மைதான் செய்கிறது. ஆர்ட்வுல்ஃப் என்கிற சிறிய கழுதைப்புலி இன மிருகம் கறையான் தின்று பிழைக்கிறது, அதன் பல்லால் ஆட்டைக் கொல்லவே முடியாது. இருட்டில் தூரத்திலிருந்து பார்த்தால் முதுகில் முடி சிலிர்த்து நிற்கும் அதை நரி என்று நினைத்துச் சுட்டுவிடுகிறார்கள். செர்வலும் கேப் நரியும் தேசிய விதிகளின் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் உள்ளவை. உடம்பு முழுக்கப் பக்கவாட்டில் தெரிந்து, முதுகில் கறுப்பும் வெள்ளியும் கலந்த அந்தச் சேணத்தைப் பார்த்த பிறகுதான் விரல் டிரிகருக்குப் போக வேண்டும். இரவு வேட்டைக்கான அனுமதி விதி மாகாணத்துக்கு மாகாணம் மாறும். நமக்கு மாகாண வனவிலங்கு அமைப்பான எசெம்வெலோவின் அலுவலகம், முதலில் அங்கே கேளுங்கள்.

இன்னொன்று: பகலில், பயமே இல்லாமல், தள்ளாடிக்கொண்டு முற்றத்துக்கு வருகிற நரி என்றால் வெறிநோயாக இருக்கலாம். செத்த பிறகும் வெறுங்கையால் தொடாதீர்கள், அரசு கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள். பரிசோதனைக்கு மூளை வேண்டும், அதனால் தலையில் சுடக் கூடாது. பண்ணை நாய்களுக்குத் தடுப்பூசி போட்ட தேதி பாருங்கள்.

கேள்வி: .22 லாங் ரைபிள் ஏற்கெனவே இருக்கிறது. அதிலேயே சமாளிக்கலாமா?

பதில்: முயலுக்கும் காட்டுக்கோழிக்கும் சரி. நரிக்கு வேண்டாம். வினாடிக்கு 380 மீட்டர் போகிற 40 கிரெயின் ஈயக் குண்டு நரியைக் காயப்படுத்தும், பெரும்பாலும் உடனே கொல்லாது. தண்ணீரிலும் கல்லிலும் மிக எளிதாகத் தெறிக்கும்.

கேள்வி: சைலன்ஸருக்குத் தனி லைசென்ஸ் வேண்டுமா? வேட்டை ரைபிள் லைசென்ஸ் எத்தனை வருடம்?

பதில்: நம் நாட்டில் சைலன்ஸருக்குத் தனி லைசென்ஸ் இல்லை, போடுங்கள், காதுக்கும் நல்லது, ஆடும் மிரளாது. துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின் கீழ் வாங்கும் வேட்டை ரைபிள் லைசென்ஸ் 10 வருடம் செல்லும். முடிவதற்குக் குறைந்தது 90 நாள் முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்துவிடுங்கள். அந்தப் பிரிவில் ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாவுக்கு மேல் வைத்திருக்க முடியாது.