ஹெட்போனில் இனிக்கும் டிஜிட்டல் பியானோ, ஸ்பீக்கரில் மங்குவது ஏன்?

கேள்வி: ஸ்டாண்டில் வைத்து வாசிக்கும் 88 கட்டை டிஜிட்டல் பியானோ வைத்திருக்கிறேன். ஹெட்போனில் நாதம் அருமையாக இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு வாசித்தால் பெட்டிக்குள் இருந்து வருவது போல் கேட்கிறது. இடது கைப் பக்கம் ஓரிரு கட்டைகள் மட்டும் குமுறுகின்றன, நடுப்பகுதி மங்கலாக இருக்கிறது. ஹெட்போன் ஜாக்கில் ப்ளூடூத் டிரான்ஸ்மிட்டர் செருகி வெளி ஸ்பீக்கரில் கேட்டால், கட்டையை அழுத்திச் சற்று நேரம் கழித்துத்தான் ஓசை வருகிறது. பியானோவையே மாற்ற வேண்டுமா, ஸ்பீக்கர் வாங்கினால் போதுமா?

பதில்: பியானோவை மாற்றாதீர்கள். ஹெட்போனில் நன்றாகக் கேட்கிறது என்றால், உள்ளே ஓசையை உருவாக்கும் பகுதி நல்ல நிலையில் இருக்கிறது என்று பொருள். கெடுவது அதற்குப் பிறகு: ஸ்பீக்கரில், அது நிற்கும் இடத்தில், அறையில். இந்த மூன்றையும் தனித்தனியாகப் பார்த்துவிட்டால் தேவையில்லாத செலவு மிச்சமாகும்.

முதலில் உங்கள் காது சொன்னதை உறுதி செய்துகொள்ளுங்கள். ரிவர்பை (செயற்கை எதிரொலியை) அணைத்து, ஈக்வலைசர் (தாழ்ந்த, உயர்ந்த ஓசைகளைக் கூட்டிக் குறைப்பது), பிரில்லியன்ஸ் (ஓசையின் பளிச்சென்ற தன்மை) போன்றவற்றை நடுநிலைக்குக் கொண்டுவந்து, ஹெட்போனில் 88 கட்டைகளையும் ஒரே அழுத்தத்தில் வரிசையாக வாசியுங்கள். அதையே ஹெட்போன் இல்லாமல் மறுபடி செய்யுங்கள். குமுறும் கட்டை, அதிரும் கட்டை, அமுங்கும் கட்டை எவை என்று தாளில் குறித்து வையுங்கள். இந்தத் தாள் பின்னால் பலமுறை உதவும்.

ஸ்டாண்டில் வைக்கும் மெல்லிய பியானோக்களில் உள்ள ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் நீள்வட்ட வடிவில், உள்ளங்கை அளவே இருக்கும். சில மாடல்களில் அவை கீழ்நோக்கியும் சிலவற்றில் பின்நோக்கியும் இருக்கும். கீழ்நோக்கியவை என்றால் ஓசை தரையில் பட்டுத்தான் உங்கள் காதுக்கு வருகிறது. கீழே தடித்த கம்பளம் இருந்தால் மேல் அதிர்வெண்களை அது விழுங்கிவிடும். நீங்கள் சொல்லும் மங்கலுக்கு இதுவே காரணமாக இருக்கலாம். கம்பளத்தை விலக்கிவிட்டு, அல்லது அதன்மேல் ஒரு பிளைவுட் பலகையைப் போட்டுவிட்டு வாசித்துப் பாருங்கள். மேசைமேல் வைத்திருப்பவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம், ஓசை வெளியேறும் வழியே பாதி அடைபடுகிறது. அடியில் 2 அல்லது 3 சென்டிமீட்டர் உயர ரப்பர் கட்டைகளை வைத்தால் உடனே திறந்துகொள்ளும். ஆனால் வெள்ளைக் கட்டைகளின் மேற்பரப்பு தரையிலிருந்து ஏறக்குறைய 73 சென்டிமீட்டரில் இருப்பதுதான் கைக்கு நல்லது. உயர்த்திய அளவுக்கு இருக்கையையும் உயர்த்துங்கள். பின்நோக்கிய ஸ்பீக்கர் என்றால் திரைச்சீலையை அகற்றி, வெறும் சுவருக்கு முன்னால் ஒரு சாண் இடைவெளி விட்டு வையுங்கள்.

ஒரு கட்டையில் மட்டும் 'கிர்ர்' என்று அதிர்ந்தால் அந்தக் கட்டையை விடாமல் தட்டச் சொல்லி, இன்னொருவர் சுற்றியுள்ள பொருள்களை ஒவ்வொன்றாகக் கையால் அழுத்த வேண்டும். நோட்டுத் தாங்கி, ஸ்டாண்டின் தளர்ந்த திருகு, மேலே வைத்த அடாப்டர், சுவரில் மாட்டிய படச்சட்டம், ஜன்னல் கண்ணாடி ஆகியவைதான் வழக்கமான குற்றவாளிகள். கை வைத்ததும் எது அடங்குகிறதோ அதற்கு அடியில் சிறு ஃபெல்ட் துண்டு போதும்.

குமுறல் வேறு விஷயம். எதிரெதிரான இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒலி அலை போய் வருவதால், அறையின் நீளத்துக்கு ஏற்ற சில அதிர்வெண்கள் மட்டும் பெருகும். ஒலியின் வேகமான நொடிக்கு 343 மீட்டரை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் முதல் அதிர்வெண் கிடைக்கும். 4 மீட்டர் அறைக்கு அது 43 ஹெர்ட்ஸ். பியானோவின் மிகக் கீழ் எஃப் கட்டை ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது. சிறு ஸ்பீக்கர் அந்த 43-ஐத் தரவே முடியாது, ஆனால் அதன் இரு மடங்கான 86-இல் அடுத்த எஃப் கட்டை குமுறும். உங்கள் தாளில் குறித்த கட்டைகளை உங்கள் அறையின் நீள அகலத்தோடு இப்படி ஒப்பிட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பொருந்தும். பொருந்தினால் பியானோவில் குறையே இல்லை.

இதற்கு மருந்து இடமாற்றம். மூலையில் இருக்கிறதென்றால் முதலில் மூலையிலிருந்து எடுங்கள். இரண்டு சுவர்களும் தரையும் சேரும் மூலை, அறையின் எல்லாக் குமுறல்களையும் ஒருசேரக் கிளப்பிவிடும். பிறகு பியானோவையும் இருக்கையையும் 30 சென்டிமீட்டர் அளவில் நகர்த்தி நகர்த்திக் கேளுங்கள். கம்பளமும் திரையும் இவ்வளவு தாழ்ந்த ஓசையைத் தொடக்கூட முடியாது, ஆகவே அவற்றை நம்பிப் பணம் போடாதீர்கள். கைதட்டினால் 'டர்ர்' என்று சிறு எதிரொலி வருகிறதா? அதை அடக்கத்தான் திரையும் புத்தக அலமாரியும் பயன்படும்.

இவ்வளவுக்குப் பிறகும் நிறைவில்லை என்றால் வெளி ஸ்பீக்கர் வாங்குவது நியாயமே. ஆனால் ப்ளூடூத் வேண்டவே வேண்டாம். சாதாரண ப்ளூடூத் ஆடியோவில் தாமதம் 100 முதல் 200 மில்லி செகண்டு வரை போகும். 10 மில்லி செகண்டுக்கு மேல் போனாலே பலருடைய விரல்கள் தடுமாறத் தொடங்கிவிடும். எந்த அமைப்பை மாற்றியும் இதைச் சரிசெய்ய இயலாது. பியானோவின் பெட்டியில் 'ப்ளூடூத் ஆடியோ' என்று அச்சிட்டிருந்தாலும், பொதுவாக அது போனில் இருந்து பாட்டை உள்ளே வாங்குவதற்கு, ஓசையை வெளியே அனுப்ப அல்ல.

வீட்டில் நல்ல ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் இருந்தால் அதன் ஆக்ஸ் உள்ளீட்டில் கேபிள் வழியே இணைத்துப் பாருங்கள், இசைத்தட்டுக் கருவிக்கான ஃபோனோ உள்ளீட்டில் செருகக் கூடாது. புதிதாக வாங்குவதென்றால் ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே அமைந்த ஸ்டுடியோ மானிட்டர் ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கலாம். சிறிய அறைக்கு 5 அங்குலக் கூம்பு உள்ளது போதும். கிட்டார் ஆம்ப் வேண்டாம், அது ஓசைக்குத் தன் நிறத்தைப் பூசிவிடும். சப்வூஃபரும் அவசரமில்லை: மிகக் கீழ் ஏ கட்டையின் அடிப்படை அதிர்வெண் 27.5 ஹெர்ட்ஸ் என்றாலும், உண்மையான கிராண்ட் பியானோவிலேயே அந்த அடிப்படை மிக வலுக்குறைவானது. மேலே உள்ள இசைமங்களை (அடிப்படையின் மடங்குகளான அதிர்வெண்களை) கேட்டு, நம் காதே அந்தச் சுருதியை உணர்ந்துகொள்கிறது.

கேபிளில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். ஹெட்போன் ஜாக்கில் இடம், வலம் இரண்டும் ஒரே பிளக்கில் வருகின்றன. அந்த ஸ்டீரியோ கேபிளை அப்படியே ஒரு மானிட்டரின் பேலன்ஸ்டு உள்ளீட்டில் (ஒரே ஓசையை இரு கம்பிகளில் எதிரெதிராக வாங்கும் உள்ளீடு) செருகினால், அது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். இரண்டிலும் பொதுவாக இருப்பது ரத்தாகிவிடும். நடுக்கட்டைகள் குடைந்து எடுத்தது போல் வெறுமையாக, எங்கோ தொலைவில் கேட்கும். ஸ்பீக்கர் பழுது என்று பலர் திருப்பித் தந்துவிடுவது இந்தக் கட்டத்தில்தான். தேவைப்படுவது ஒரு பக்கம் 6.35 மில்லிமீட்டர் ஸ்டீரியோ பிளக்கும், மறுபக்கம் இரண்டு 6.35 மில்லிமீட்டர் மோனோ பிளக்கும் உள்ள ஒய் வடிவ கேபிள். பியானோவில் தனி லைன் அவுட் ஜாக்குகள் இருந்தால் அவற்றையே பயன்படுத்துங்கள். இடம், வலம் இரண்டையும் செருகுங்கள். இடது மட்டும் என்றால் பெரும்பாலான பியானோக்கள் இரண்டையும் மோனோவாகக் கலந்து தரும், நாதம் மெலிந்துவிடும்.

ஹெட்போன் ஜாக் வழியாக ஸ்பீக்கரை இணைக்கிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். யமஹாவில் ஸ்டீரியோஃபோனிக் ஆப்டிமைசர், கவாயில் ஸ்பேஷியல் ஹெட்போன் சவுண்ட், ரோலண்டில் ஹெட்போன்ஸ் 3டி ஆம்பியன்ஸ் என்று பெயர்கள் வேறு, வேலை ஒன்றே: ஹெட்போனில் ஓசை தலைக்கு வெளியே கேட்பது போல் மாற்றுவது. ஸ்பீக்கரில் அது ஓசையைக் கலங்கடிக்கும். அணைத்துவிடுங்கள்.

பியானோவின் வால்யூமை முக்கால் அளவில் நிறுத்தி, மீதியை ஸ்பீக்கரில் கூட்டுங்கள். தலைகீழாகச் செய்தால் இரைச்சல்தான் பெருகும். இயக்கும்போது பியானோ முதலில், ஸ்பீக்கர் கடைசியில். அணைக்கும்போது ஸ்பீக்கர் முதலில்.

ஸ்பீக்கர்களைப் பியானோவின் மேலேயே வைக்காதீர்கள். கட்டைவரிசை ஏறக்குறைய 122 சென்டிமீட்டர் அகலம். அதன் இரு ஓரங்களுக்கும் பின்னால், தனி ஸ்டாண்டுகளில், சிறிய ஸ்பீக்கர் கூம்பு உட்கார்ந்த நிலையில் உங்கள் காது உயரத்துக்கு வரும்படி வைத்து, உங்கள் முகத்தை நோக்கிச் சற்றே திருப்புங்கள். உங்கள் தலையும் இரண்டு ஸ்பீக்கர்களும் சமபக்க முக்கோணமாக அமைந்தால் நல்லது. பின்சுவரிலிருந்து அரை மீட்டர் தள்ளி வைத்தால், சுவரில் பட்டுத் திரும்பும் அலை 170 ஹெர்ட்ஸ் அளவில் நேர் ஓசையை ரத்து செய்யும். நடு சி-க்குக் கீழேயுள்ள எஃப் பகுதி காணாமல் போனது போல் இருக்கும். ஆகவே சுவரை ஒட்டி, 10 முதல் 20 சென்டிமீட்டரில் வைத்து, ஸ்பீக்கரின் பின்புறம் உள்ள பாஸ் குறைக்கும் சுவிட்சை 2 அல்லது 4 டெசிபெல் இறக்குங்கள். ஈக்வலைசரில் கை வைப்பது இதற்கெல்லாம் பிறகுதான். மங்கல் மீதம் இருந்தால் 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை 2 அல்லது 3 டெசிபெல் குறையுங்கள். ட்ரெபிளைக் கூட்டித் தெளிவைத் தேடினால், அரை மணி நேரத்தில் காது சலித்துவிடும்.

கணினியும் சேர்ந்திருக்கும்போது 'ம்ம்ம்' என்ற இரைச்சல் வந்தால், யூஎஸ்பி கேபிளை ஒரு நொடி கழற்றுங்கள். அடங்கினால் அது எர்த் லூப், அதாவது கருவிகளின் எர்த் இணைப்புகள் கேபிள் வழியே வளையமாகச் சேர்வதால் வரும் இரைச்சல். எல்லாவற்றையும் ஒரே மின்பலகையில் செருகிப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஆடியோ கேபிளின் நடுவே ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (மின் தொடர்பைத் துண்டித்து ஓசையை மட்டும் கடத்தும் சிறு பெட்டி) வையுங்கள். பிளக்கின் எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் துண்டிக்காதீர்கள், அது உயிரைக் காப்பதற்காக உள்ளது.

மூடியைத் திறந்து உள் ஸ்பீக்கரை மாற்றலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. ஓம் அளவு, ஆழம், திருகுத் துளைகள் எல்லாம் பொருந்தினாலும், அந்த மெல்லிய உடலுக்குள் பாஸ் பிறக்கத் தேவையான காற்றுவெளி கிடையாது. உத்தரவாதம் போவதுதான் மிச்சம். அதே பணத்தில் நல்ல ஹெட்போன் வாங்கலாம். பின்பக்கம் திறந்த வகையில், 32 முதல் 80 ஓம் வரை உள்ளதாகப் பாருங்கள். 250 ஓம் ஹெட்போனைப் பல பியானோக்களால் போதிய சத்தத்துக்கு இயக்க முடியாது.